கரி லாரியும் ஒரு பீடியும்

ஜப்பான்காரன் எங்களை ஆண்ட போர்க்காலத்தில் பெட்ரோல் ஏது? பீடோர் தோட்டத்தில் நான் ஓட்டியது கரி லாரி. கரியை எரித்து வரும் வாயுவில்தான் இஞ்சின் ஓடும்.

ஒரு நாள் காலையில் ஈப்போ நகருக்குப் போக ஒரு ஜப்பானிய அதிகாரி ஏறினார். குளிர்ந்திருந்த இஞ்சின் கிளம்பியதும் அணைந்தது. மறுபடியும் அப்படியே. நான் வேண்டுமென்றே கெடுத்ததாக நினைத்து, “பாகேரோ!” என்று தன் மொழியில் திட்டிக் கத்தியபடி வாளைத் தொட்டார்.

“மச்சான், ஏதாச்சும் பண்ணுலா!” என்றான் கூட வந்த மாரி.

கரி கெட்டிருந்தால் கிளம்பியே இருக்காது. எங்கோ காற்று புகுகிறது. மாரியைக் கைப்பிடி போட்டு இஞ்சினைச் சுழற்றச் சொல்லி, பீடியைப் பற்றவைத்து வாயுக்குழாய் நெடுகக் காட்டினேன். ஓர் இணைப்பு புகையை உள்ளே இழுத்தது! என் சாப்பாட்டு மரவள்ளிக்கிழங்கைப் பிசைந்து அங்கே அப்பினேன். ஈப்போ வரை லாரி நிற்கவில்லை.

அதன்பிறகு இணைப்புகளைச் சோதிக்காமல் நான் அந்த லாரியை எடுத்ததே இல்லை. அன்று மதியம் எனக்குப் பட்டினிதான். ஆனால் முதுகில் ஓர் அடிகூட விழவில்லை.