மாட்டுக் குறியும் பிள்ளையின் தகப்பனும்

மூன்று கிழமைக்கு முன், வவுனியா நீதிமன்றத்தில் நின்றபோது நான் பயந்துபோனேன்.

முப்பது வருடங்கள் பிரக்கிராசியாக வழக்குப் பேசியவனுக்குப் பயமா என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முன்பெல்லாம் நீதிமன்றத்தில் நடந்ததை வீட்டுக்குப் போனவுடன் மனைவியிடம் சொல்லிவிடுவேன். சென்ற ஆவணியில் அவள் காலமானபின் அதற்கு இடமில்லை. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்... பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கனகராயன்குளத்திலிருந்து யோகம்மா என்ற இளம் பெண், மூன்று வயது மகளை இடுப்பில் சுமந்துகொண்டு என்னிடம் வந்தாள். பிள்ளையின் தகப்பன் நாகராசா முரசுமோட்டையில் குடியேற்றக் காணிக்காரன். இரண்டு வருடங்களாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது வேறொரு பெண்ணை மணக்கப் போகிறானாம். பிள்ளையை வளர்க்கத் தாபரிப்புப் பணமாவது வாங்கித் தரவேண்டும் என்றாள்.

“கலியாணம் எழுதினதோ, தங்கச்சி?”

“இல்லை ஐயா. சோறு குடுத்தது.”

எங்கள் பக்கத்தில் இது புதிதா? உறவினர் நாலு பேர் பார்த்திருக்கப் பெண் சோறு பரிமாறுவாள். ஆண் உண்பான் — கலியாணம் முடிந்தது. ஊருக்கு அது போதும். பதிவேட்டைக் கேட்கும் நீதிமன்றத்துக்கு?

கலியாணம் செல்லாவிட்டாலும் பிள்ளைக்கென்று சட்டம் ஒரு கதவை வைத்திருக்கிறது, குறுகிய கதவு. பிள்ளை பிறந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் தாய் மனுச் செய்யவேண்டும். தவறினால், அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள் தகப்பன் பிள்ளையைப் பராமரித்தான் என்று நிரூபிக்கவேண்டும். தாயின் வாய்ச்சொல் மட்டும் போதாது.

யோகம்மாவோ, இன்று வருவான் நாளை வருவான் என்று இரண்டு வருடங்களைக் கழித்துவிட்டாள்.

“அவர் பிள்ளைக்கு ஏதும் தந்ததுக்கு அத்தாட்சி இருக்குதோ?”

“ஓம் ஐயா. துடக்குக் கழிச்ச அண்டைக்கு, பிள்ளையின்ர பாலுக்கெண்டு ஒரு பசுவைக் கண்டுக்குட்டியோட கொண்டுவந்து கட்டினவர். அவற்ற குறி இண்டைக்கும் மாட்டில கிடக்கு.”

எனக்கு மூச்சு வந்தது. பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிப்பது பிறந்து முப்பத்தோராம் நாள். வன்னியில் மாட்டின் மேல் சுட்ட குறி, காணி உறுதிப் பத்திரத்தில் வைத்த கையெழுத்துப் போன்றது. வழக்குத் தவணை நாளன்று மாட்டையே கொண்டுவரும்படி சொல்லி அனுப்பினேன்.

யோகம்மாவின் அண்ணன் செல்லத்துரை இரண்டு நாள் நடத்திக்கொண்டு வந்து, நீதிமன்ற வளவில் மரத்தடியில் அந்த வெள்ளைப் பசுவைக் கட்டியிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். நாகராசாவின் எழுத்துகள் இருக்கவேண்டிய இடத்தில் தடித்த கறுப்புத் தழும்பு. பக்கத்தில் புதிதாக ஒரு ‘செ’!

“இதென்ன, செல்லத்துரை?”

“அவன்ர குறியோட எங்கட பட்டியில நிண்டா ஆக்கள் சிரிக்கினம் ஐயா. போன சித்திரையில சுட்டுப்போட்டன்.”

“உரிமை காட்டுற மாட்டுச் சீட்டு?”

“அது அவனிட்டத்தான்...”

யோகம்மா தலையில் கை வைத்தாள். “அண்ணை, உங்கட வீம்புக்கு என்ர பிள்ளையின்ர சோத்தையெல்லோ சுட்டுப்போட்டியள்!”

சாட்சியம் போயிற்று. அதோடு முடிந்ததா? பிறருடைய மாட்டில் குறியை மாற்றினால் களவு வழக்கு. தங்கைக்குப் பணம் வாங்கித் தர வந்த நான், தமையனைச் சிறை மறியலுக்கு அனுப்பிவிடுவேனோ? மாட்டை அப்புறப்படுத்த நேரமில்லை. உள்ளே வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாகராசா சாட்சிக் கூண்டில் ஏறினான். மகளைப் பார்க்கவேயில்லை.

“இந்தப் பிள்ளைக்கு எப்போதாவது ஏதாவது கொடுத்தீரா?” என்று கேட்டேன்.

“ஒண்டும் குடுக்கேல்லை. அது ஆற்ற பிள்ளையெண்டே எனக்குத் தெரியாது.”

“ஒரு பசு?”

“நான் ஒரு பசுவும் குடுக்கேல்லை.”

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதற் பாடம். அன்று எனக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. அவன் ‘ஓம்’ என்றால் வழக்குத் தோற்கும். ‘இல்லை’ என்றால் செல்லத்துரை அகப்படுவான். கேட்டேன்.

“அப்படியானால் வெளியே மரத்தடியில், செல்லத்துரையின் குறியோடு நிற்கும் வெள்ளைப் பசு செல்லத்துரையினுடையதுதானே?”

நாகராசா ஜன்னலால் எட்டிப் பார்த்தான். முகம் சிவந்தது.

“அவன்ர குறியோ? அடே, அது என்ர மாடு! துடக்குக் கழிச்ச அண்டைக்குப் பிள்ளையின்ர பாலுக்கெண்டு நானெல்லோ கொண்டுபோய்க் கட்டினனான்! கள்ளன், குறியை மாத்திப்போட்டான்!”

எதிர்த்தரப்புப் பிரக்கிராசி துள்ளி எழுந்தார்: “இது கேள்விக்கான பதில் அல்ல; பதியக்கூடாது!” எங்கள் நீதவானுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் திறந்த வாயோடு நின்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னால்தான் ஏட்டில் ஏறும். சொல்வாரா?

நீதவான் பேனாவை எடுத்தார். “சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயருங்கள்.”

மாதாமாதம் நீதிமன்றத்தில் பணம் கட்டும்படி கட்டளை பிறந்தது. பிள்ளைக்குக் கொடுத்த மாடு பிள்ளையினுடையதே, இனி அதற்கு ஒருவரும் சூடு வைக்கவேண்டாம் என்றும் நீதவான் சொன்னார். செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் யோகம்மா கேட்டாள்: “அவர் கட்டாட்டி, ஐயா?”

“சாமான்களைப் பறிமுதல் செய்து விற்பார்கள். அதுவும் போதாவிட்டால் மறியல்.”

“மறியலில போட்டா வயலை ஆர் பாக்கிறது? பிறகு என்னத்தைக் கட்டுவார்?”

அவள் கேட்டது சரிதான். சட்டத்தின் கடைசி ஆயுதம், பணம் தரவேண்டிய கையையே கட்டிவிடுகிறது.

பெற்ற பிள்ளையைச் சபை நடுவே மறுக்க முடிந்தவனுக்கு ஒரு மாட்டை மறுக்க மனம் வரவில்லை! நாங்கள் எதை எங்களுடையது என்று சொல்லப் பழகியிருக்கிறோம்?

முதல் தவணை கட்டவேண்டிய நாள் நாளை. நாகராசாவிடமிருந்து பணம் பற்றி ஒரு பேச்சும் இல்லை — மாட்டைக் கேட்டு மட்டும் இரண்டு தடவை ஆள் விட்டிருக்கிறானாம்.