ஜாடி வாயில் தீக்குச்சி

எங்கள் கல்யாணம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையைத் தானே தேடிக்கொண்ட மகளை மாதா கோவில்வரை வந்து ஆசீர்வதித்தார், அதோடு சரி. பாப்பிரெட்டிப்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. என் கணவரிடம் ஒரு வார்த்தை பேசியதுமில்லை. அந்த வருஷம் அம்மாதான் நச்சரித்து, எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அப்பாவைச் சம்மதிக்க வைத்தார்.

அதைக் கேட்டதிலிருந்து என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவார். அதையே தன் கையால் போட்டு மாமனாருக்கு ஊற்றிக்கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அரிசி மில் மெக்கானிக்குக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும்? கேக் போதாதா என்றேன். கேட்கிற ஆளா அவர்?

"ஆயிடுச்சான்னு உங்கப்பா எப்படிப் பாப்பாரு?"

"ஜாடி வாயில தீக்குச்சியப் புடிப்பாருங்க. அணைஞ்சா உள்ள இன்னும் பொங்குதுன்னு அர்த்தம். நின்னு எரிஞ்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

அது மதுவிலக்குக் காலம். பக்கத்து வீட்டில் குடியிருந்தவரோ போலீஸ்காரர். திராட்சை போட்ட ஜாடி பொங்க ஆரம்பித்ததும் வாசனைக்குப் பயந்து, அதைக் கொல்லையில் இருந்த குளியலறைக்குத் தூக்கிப்போய்க் கல்தரையில் வைத்தோம். காலையும் மாலையும் தீக்குச்சியோடு அங்கே போய்விடுவார். முதல்முறை குச்சி அணைந்தபோது, "உசுரோட இருக்குதுடி!" என்று ஓடிவந்தார். அடுப்புப் பற்றவைக்கக் குச்சி இல்லாமல் நான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்காது.

மார்கழிக் குளிர் இறங்கியது. ஒருநாள் காலையில் குச்சி அணையாமல் எரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வடிகட்டிப் புட்டிகளில் ஊற்றினோம். நட்டு முடுக்குகிற கையால் அவர் தக்கைகளை அடித்து இறுக்கினார்.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையிலேயே புட்டிகளைக் குளியலறையிலிருந்து கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். அடுப்பில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. அம்மாவோடு அப்பா வந்தார். என்னிடம் உடம்பை விசாரித்தார், அம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசினார். என் கணவர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். இலை போட்டு, முன்னால் இரண்டு புட்டிகளை வைத்தோம். அப்பா கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்.

பாதி ஜெபத்தில் ஒரு தக்கை பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டு போனது. அப்பாவின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுஞ்சிவப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து போய்விடுவார், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார் என்றே நினைத்தேன்.

அப்பா ஜெபத்தை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த புட்டியை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு என் கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஜாடிய எங்க வெச்சிருந்தீங்க?"

"பொறத்தாலங்க. குளிக்கற ரூம்புல."

"அதான். குளுருல தூங்கியிருக்குது. நீங்க முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டீங்க. அடுப்புச் சூட்டுக்கு முழிச்சுக்கிச்சு. தக்கையத் தளத்தி வையுங்க. புது வருசத்துக்கு வந்து பாக்கறேன்."

அவர் சட்டையை வாங்கி ஊறவைத்தேன். கறை போகவில்லை. என் கணவர் தயங்கித் தயங்கித் தன் கட்டம்போட்ட சட்டையை நீட்டினார். அப்பாவுக்கு அது தோளில் பிடித்தது, பட்டன் எட்டவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார்.