அலுவலக வாசலில் கக்கூசுப் பீப்பாய்

பிள்ளைகளே, இது கொஞ்சம் நாற்றமடிக்கிற கதை. சாப்பிட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள்.

நான் கலஹா பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நானே ஏற்றிக்கொண்டு வருவேன். காலையில் அவள் அம்மா நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர்ப் போத்தல் மாலையில் அப்படியே நிறைந்தபடி திரும்பி வரும். ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக் கக்கூசுக்கு ஓடுவாள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தன. சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது என்றார்.

"ஸ்கூல்ல எப்படிப்பா போறது?" என்று அழுதாள். "உள்ள போனாலே வாந்தி வருது. பொம்பளப் புள்ளைக யாருமே போறதில்ல. தண்ணி குடிச்சாத்தானே போகணும், அதான் குடிக்கிறதில்ல."

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பிரச்சினையைத் தாங்களே கண்டுபிடித்து, தாங்களே தீர்க்க வேண்டும். பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. மகளும் மூன்று தோழிகளும் கக்கூசை எடுத்தார்கள்.

பொறுப்பான டீச்சர் முகத்தைச் சுளித்தாராம். "சீச்சீ! வேற ஒண்ணும் கெடைக்கலையா ஒங்களுக்கு? மத்த ஸ்கூல் புள்ளைக எல்லாம் ரோபோ செய்யுது."

"ரோபோ வந்து எங்களுக்குப் பதிலா ஒண்ணுக்குப் போகுமா டீச்சர்?" என்றாளாம் ஒருத்தி.

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எப்படியாச்சும் போங்க" என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து பையன்கள் இவர்களைக் கண்டால், "கக்கூசுக் கம்பனி வருதுடா, மூக்கப் பொத்து!" என்று கத்துவார்கள். நாலு பேரும் உண்மையாகவே மூக்கைப் பொத்திக்கொண்டு, இடைவேளையில் கக்கூசுக்குள் போய் நின்று பார்த்தார்கள். வெளியே பைப்பில் தண்ணீர் வருகிறது. உள்ளே ஒரு வாளியும் கோப்பையும் இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் பாசியும் வழுவழுப்பும். அதைத் தொட அருவருப்பு, அதனால் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊற்றாததால் இன்னும் அழுக்கு. ஆக, கையால் எதையும் தொடாமல் தண்ணீர் வர வேண்டும். இவ்வளவுதான் கணக்கு என்று மகள் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் கேட்டபடி பழைய பீப்பாய் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அப்போதுதான் அந்தக் கக்கூசைப் பார்த்தேன். என் ஆட்டோவில் குடிகாரன் வாந்தியெடுத்ததைக் கழுவியிருக்கிறேன். செத்த பெருச்சாளியை அள்ளியிருக்கிறேன். இது வேறு. மஞ்சள் மஞ்சளாக அடை அடையாய், ஓரமெல்லாம் புழு நெளிய, ஈ என் உதட்டில் வந்து உட்கார்ந்தது. ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"என்னா அங்கிள், இதுக்கே இப்படியா?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

அதே கட்டடத்தின் மறுமுனையில் ஆசிரியர்களின் கக்கூசு இருந்தது. அதற்குப் பூட்டு. ஜன்னல் வழியே எலுமிச்சைச் சவர்க்காரம் மணத்தது. எனக்கு அந்த மணம்தான் அதிகமாகக் குமட்டியது.

நாலு பேரும் முதலில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினார்கள். பீப்பாயைக் கல் அடுக்கி உயரத்தில் வைத்து, கூரையின் மழைத் தண்ணீர் அதில் விழும்படி தகரம் வளைத்து, அன்றைக்கு வெளிப் பைப்பிலிருந்து நிரப்பினார்கள். பீப்பாயிலிருந்து ஒரு ரப்பர் குழாய் உள்ளே வந்தது. குழாயை மடித்தால் தண்ணீர் நிற்கும், நிமிர்த்தினால் கொட்டும். மடிப்பைச் சைக்கிள் டியூப் துண்டால் இழுத்துக் கட்டி, கீழே ஒரு பலகையை இணைத்தார்கள். பலகையை மிதித்தால் குழாய் நிமிரும், காலை எடுத்தால் மறுபடி மடங்கும். முதல் தடவை தண்ணீர் நால்வர் முகத்திலும் பீச்சியடித்தது. அடுத்த தடவை கட்டு இறுகி, நாலு பேர் ஏறி மிதித்தும் அசையவில்லை. எனக்குக் கை துருதுருத்தது. போட்டி விதி விதிதான் என்று ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு போத்தல் காலியாகத் திரும்பி வந்தது. போட்டியில் இரண்டாம் இடமும் ஒரு ஷீல்டும் கிடைத்தன.

அடுத்த வாரம் மகள் மறுபடி ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினாள். போத்தல் நிறைந்திருந்தது.

"பீப்பாயக் கழட்டிட்டாங்கப்பா."

மறுநாள் போய்ப் பார்த்தேன். அலுவலக வாசலில் பீப்பாய்க்கு நீலப் பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, "எமது மாணவியரின் கண்டுபிடிப்பு" என்று பலகை எழுதி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வாங்க, வாங்க. ஒங்க புள்ள ஸ்கூல் பேரத் தூக்கி நிறுத்திருச்சு" என்றார் பள்ளி அதிபர்.

"இத ஏன் சேர் இங்க வச்சிருக்கீங்க?"

"பெரிய ஆளுங்க பார்க்க வருவாங்க. கக்கூசுக்குள்ளயா கூட்டிட்டுப் போறது?"

"அப்போ புள்ளைக?"

"முந்தி எப்படி இருந்தாங்களோ, கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும். தேத்தண்ணி குடிங்க."

கோப்பையைக் கையில் எடுத்தேன். குடிக்க முடியவில்லை. அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் கக்கூசில் இருந்ததாவது கழுவினால் போகிற அழுக்கு.

வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த நாள் இடைவேளையில் நாலு பேரும் போய் மாலையைக் கழற்றி, வாசலில் உட்காரப் போட்டிருந்த கதிரையில் வைத்துவிட்டு, பீப்பாயை மைதானத்தின் குறுக்கே உருட்டத் தொடங்கியிருக்கிறார்கள். "கக்கூசுக் கம்பனி!" என்று பையன்கள் கத்த, அதிபர் வெளியே வந்துவிட்டார்.

"எங்க கொண்டு போறீங்க? வாறவங்களுக்கு நான் என்னத்தக் காட்டுறது?"

"ஷீல்டக் காட்டுங்க சேர்" என்றாளாம் என் மகள். "அது நாறாது."

பக்கத்தில் நின்ற டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாராம். அதிபர் என்ன நினைத்தாரோ, தடுக்கவில்லை. "கண்டுபிடிப்பு" என்று எழுதிய அந்தப் பலகை மட்டும் இன்னும் அலுவலக வாசலில்தான் நிற்கிறது. கீழே ஒரு பூச்சாடி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இப்போதும் காறித் துப்ப வேண்டும்போல இருக்கும்.

பீப்பாயை உருட்டிய அன்று மாலை மகள் நிதானமாக வந்து ஏறி உட்கார்ந்தாள். பாதி வழியில் என் முதுகைத் தட்டினாள்.

"கடைகிட்ட நிப்பாட்டுங்கப்பா. தாகமா இருக்கு, போத்தல்ல தண்ணி முடிஞ்சிருச்சு."