கபர்ஸ்தானை ஒட்டிய டீக்கடை

எழுபதுகளின் நடுவில் மராத்திச் சீமையில் தேஹு ரோடு பள்ளிவாசலுக்கு என்னை முத்தவல்லியாக்கினார்கள். ஜமாஅத் இரண்டு கட்சியாகக் கிடந்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரெக்ஸின் பை விற்க வந்த எனக்கு அங்கே மாமனுமில்லை, மச்சானுமில்லை. அதுதான் என் தகுதி. யாரோ ஒரு வியாபாரி எந்தக் காலத்திலோ வக்ஃபாக விட்ட நிலம் அது. நடுவில் பள்ளி, பின்னால் மையத்து அடக்கும் கபர்ஸ்தான், சாலையோரம் சில கடைகள். அந்த வாடகையில் பள்ளி நடந்தது. நிலத்தை விற்கவோ கொடுக்கவோ யாருக்கும் உரிமையில்லை. பார்த்துக்கொள்வது மட்டும் என் வேலை.

மனைவியும் பிள்ளைகளும் ஊரில். தமிழ் பேச எனக்கிருந்தது ஒரே ஆள், அந்தச் சாலையோர வரிசையில் டீக்கடை வைத்திருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞன். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்பான். மாலையானால் அவன் கடையில்தான் கிடப்பேன்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவன் கடையின் பின்சுவரை இடித்து, கபர்ஸ்தானுக்குள் தள்ளிக் கட்ட ஆரம்பித்தான்.

"காக்கா, கல்யாணம் முடிஞ்சும் அவள இன்னும் கூட்டிட்டு வர முடியல. நாலடி எடந்தான். அங்க யாரையும் அடக்கினதில்ல. நீங்க பாக்காத மாதிரி இருங்க, போதும்."

"என் எடமா இருந்தா நானே செங்கல் தூக்கித் தருவேன் தம்பி. இது அல்லாஹ்வுக்குன்னு விட்டது."

"அப்ப நீங்க எனக்கு யாரு?"

"முத்தவல்லி" என்றேன்.

"டீக் ஹை, சாப். கல் தோட் தூங்கா." நாளைக்கு இடித்துவிடுகிறேன் என்று இந்தியில் சொன்னான்.

சொன்னபடி இடித்தான். அதன்பின் என்னிடம் தமிழே பேசவில்லை. டீயை வைத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று இந்தியில் கேட்பான். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. அதைத் தாங்க முடியாமல் போவதை நிறுத்திவிட்டேன். அறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து நானே டீ போட்டுக்கொண்டேன்.

இரண்டு கட்சியும் என்னைப் பாராட்டின. ஆனால் மற்ற கடைக்காரர்களும் என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் தழுவிக்கொண்டோம். அவனும் தழுவினான், அடுத்த ஆளிடம் போய்விட்டான். யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று, செருப்பைத் தேடுவதுபோல் வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அறைக்குப் போய் உலை வைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவன் கடையை விட்டுவிட்டு ஆகுர்டிக்குப் போனான். தொழிற்சாலைப் பக்கம் கேன்டீன் கிடைத்ததாம், மனைவியையும் அழைத்துக்கொண்டானாம். இமாம் சொல்லித்தான் தெரியும். மனதுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. காலியான கடையை ஒரு மராத்தித் தையல்காரர் எடுத்தார். நான் போனால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். நின்றபடியே இரண்டு பேரும் மழையைப் பற்றி ஏதாவது பேசுவோம்.