இடக்கைக்காரன்

கணினியில் விளையாடும் பேஸ்போல் லீக்கில் நான் மலிவு வியாபாரி. இடக்கைக்காரன் பந்து வீசினால் மட்டும் வெளுத்து வாங்கும் ஆட்டக்காரர்களை அடிமாட்டு விலைக்குப் பிடிப்பேன். வலக்கைக்காரன் வீசினால் அவர்களும் என்னைப்போல ஒன்றுக்கும் உதவார்கள். அன்று ஆளை மாற்றிவிடவேண்டும்.

யுத்தம் முடிந்த அந்த மே மாதம் நான் யாரையும் மாற்றவில்லை. தம்பி முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தான். நான் டென்மார்க்கில், இக்காஸ்ட் வீட்டில் தொலைபேசியோடு இருந்தேன்.

“சாப்பிட வாங்கோப்பா,” என்றாள் மனைவி.

“அவன் எடுத்தால்?”

“நான் கதைக்கிறன். வாங்கோ.”

அடுத்த ஆட்டத்தின் எதிரணிக்காரர் சில்க்போர்க்கில் இருக்கும் ஹென்ரிக். நேரில் கண்டதில்லை. “ஏன் அணியை மாற்றவில்லை?” என்று எழுதிக் கேட்டார். “தம்பியிடமிருந்து செய்தி இல்லை,” என்று பதில் போட்டேன்.

மறுநாள் பார்த்தால், தன் நல்ல வலக்கைக்காரர்களை உட்காரவைத்துவிட்டு, இருந்த ஒரேயொரு நோஞ்சான் இடக்கைக்காரனை எனக்கெதிராக வீசவிட்டிருந்தார். என் மலிவுப் படை வெளுத்து வாங்கியிருந்தது. திரைக்கு முன்னால் இருந்து அழுதேன்.

“தோத்துப் போனியளோ?”

“இல்லையப்பா. வெண்டிட்டன்.”

தம்பி பிறகு எடுக்கவேயில்லை. ஹென்ரிக்கும் நானும் இன்னும் விளையாடுகிறோம். மே மாதம் வந்தால் அவர் இடக்கைக்காரனைத்தான் அனுப்புகிறார். அவர் ஒன்றும் கேட்பதில்லை. நானும் ஆளை மாற்றுவதில்லை.