எதிரியின் தோள் தையல்

திருப்பூரில் என்னோடு அறையில் தங்கியிருந்தவர் பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். யார் எதிரே வந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சட்டைத் தையலைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடி, லைவ் விட ஆரம்பித்தார். பார்த்தது பக்கத்துப் பாயில் கிடந்த நான் மட்டும். இன்னொருவர் வந்துவிடமாட்டாரா என்று ஏங்கினார்.

ஆட்டத்தில் எதிரி வந்தால் சுடமாட்டார். "தோள்ல தையல் கோணலுங்க, பாருங்க" என்பார். அதற்குள் செத்துவிடுவார்.

"மாஸ்டர், மொதல்ல சுடுங்க!" என்பேன்.

"செக் பண்ணாம எப்படீங்க அனுப்பறது?"

ஒருநாள் லைவைப் பார்க்க இரண்டாவது ஆள் வந்தார். "தையல் சரிதானுங்க, கட்டிங்தான் தப்பு" என்று எழுதினார். மாஸ்டர் துள்ளி எழுந்து அவரோடு வாதாடினார். ஆட்டத்தில் செத்ததைக் கவனிக்கவே இல்லை.

வேலை போய், அறையும் போய், இப்போது பிளாட்பாரத்தில் தூங்கும் என்னைப் போலீஸ்காரர் லத்தியால் தட்டி எழுப்பினால், என் கண் முதலில் அவருடைய தோள் தையலுக்குத்தான் போகிறது.