அப்பாவின் நடைக்கு ஒரு ஸ்டாப்வாட்ச்

ராட்டர்டாமில் என்னை முந்திப்போகிறவர்கள் எல்லாரும் கிழவிகள். மழைக்கோட்டு சலசலக்க, கையில் பூங்கொத்து ஆட, காற்றைக் கிழித்துக்கொண்டு போவார்கள். வந்த புதிதில், பாவம் என்ன அவசரமோ என்று ஒருவரை நிறுத்தி, "உதவி வேண்டுமா?" என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "ஏன், உனக்கு வேண்டுமா?" என்றார்.

வயதானவர்களின் நடைவேகத்தை வைத்தே உடம்பின் நிலையை ஓரளவு சொல்லிவிடலாம் என்று அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில் அப்பா தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நடை தளர்ந்திருந்தால் வீட்டைப் பூட்டிக் கையோடு கூட்டிப்போய்விடுவது என்ற முடிவோடுதான் இந்த முறை ஊருக்கு வந்தேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். "அங்க வந்து யார்கூடடி வம்பளக்கிறது, புறாகூடவா?" என்றார்.

பௌர்ணமியன்று காலையிலேயே இருவரும் கிரிவலம் கிளம்பினோம். அடி அண்ணாமலையில், இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே அவருக்குத் தெரியாமல் செல்போனில் நேரம் பார்த்தேன். நத்தை. அடுத்த இரண்டு கம்பங்கள். அதே நத்தை. மனசுக்குள் அவருக்குக் கம்பளிச் சட்டை வாங்கவே ஆரம்பித்துவிட்டேன்.

டீக்கடையில் அப்பா வேலைபார்த்த பஸ்ஸின் பழைய டிரைவர் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். தாங்கமாட்டாமல் அவரிடம் கொட்டினேன்.

"இன்னாம்மா நீ, மலை சுத்தறப்ப யாராச்சும் வேகமா நடப்பாங்களா? எனக்கே தெரியும். உங்கப்பனுக்கு பக்தி ஜாஸ்தி, அதான் ஸ்பீடு கம்மி!"

அப்பா டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். சின்ன வயதில் இதே பாதையில் நான் முன்னால் ஓடும்போதெல்லாம் பாவாடையைப் பிடித்து இழுத்து, "மெதுவா போடி, மலை எங்கயும் ஓடிடாது" என்று அதட்டியவர் இவர்தான். வெளிநாடு போய் அதை மறந்தவள் நான்.

மறுநாள் வேங்கிக்கால் ஸ்டாப்புக்கு நாங்கள் வரும்போதே பஸ் நகரத் தொடங்கியிருந்தது. "இப்பப் பாரு உன் ஸ்டாப்வாட்ச்ச" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் அப்பா. ஓடவில்லை, நடந்தார். ஓடியது நான்தான். மூச்சிரைக்க நான் பாதிதூரம் வருவதற்குள் படியில் ஏறி நின்று, கண்டக்டருக்கு முன்னால் இவரே குரல் கொடுத்தார்:

"ஹோல்டான்! எம்பொண்ணு வருது, பாவம், அதால நடக்க முடியாது!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அவரைக் கூட்டிப்போகும் பேச்சு அந்தப் படியிலேயே இறங்கிக்கொண்டது.

ராட்டர்டாமுக்குத் தனியாகத்தான் திரும்பி வந்தேன். வெறுங்காலில் சுற்றியதில் இடது குதிகாலில் ஒரு கொப்புளம், காலுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பினால், வலது கால் டிராமைப் பிடிக்கப் பறக்கிறது. இடது கால் இன்னும் மலையைச் சுற்றி முடிக்கவில்லை.